ஆறு மணிக் காற்று

போன மாதம் ஒரு மதியம், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஹரிணி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கழிவுநீர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர் இன்ஜினியர் அவள். பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். தமிழ் வீட்டுப் பெண்தான். ஆனாலும் பாதிப் பேச்சு இங்கிலீஷில்தான் வரும்.

"ஆண்டி, பாறைக் காலனி பிளான்ட் ஃபைல்ல ஒரு விண்ட் ரிஜிஸ்டர் இருக்கு. முதல் இருபத்தோரு பக்கத்துலயும் ஆறு மணி வரியை மட்டும் சிவப்புப் பென்சில்ல அடிச்சிருக்கு. பக்கத்துல உங்க சைன். அதுக்கப்புறம் இன்னொரு இருபத்தோரு பக்கம். அதுல ரெண்டு ரெண்டு சைன். ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு முக்கால்வாசி வரியில தமிழ்ல இருக்கு. யாரு அது? டெசிக்னேஷன் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது."

"அது கன்னியம்மாடி."

"கன்னியம்மா யாரு, கன்சல்டன்ட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போனில்கூட எதிராளி மூச்சு விடும் சத்தம் கேட்டால் நான் பேச வந்தது மறந்துவிடும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் அப்பா அதே ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். அவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். பத்தாவது பாஸ் செய்திருந்த எனக்கு அதனால் ஃபீல்ட் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வே நடந்தால் டேப் பிடித்தேன், கொடி பிடித்தேன், வெயில் அடித்தால் இன்ஜினியருக்குக் குடை பிடித்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

கரீம் சார் எங்கள் பிரிவுக்கு வந்த பிறகுதான் அந்த வசதி போனது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இடம் பார்ப்பது அவர் வேலை. பழைய ஹைதராபாத்காரர். மெலிந்த உடம்பு, காதில் செருகிய சிவப்புப் பென்சில். அவர் பேசுவது இந்த ஊர் ஹிந்தி. அதைத் தமிழில் எழுதுகிறேன். ஒன்றிரண்டு சொற்களை மட்டும் அவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். அவை இல்லாவிட்டால் அது அவர் பேச்சாகவே இருக்காது.

ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நிலையம் கட்டுவதென்றால் மூன்று விஷயம் பார்க்கவேண்டும் என்பார். தண்ணீர் எங்கே இறங்குகிறது, மனுஷர் எங்கே இருக்கிறார்கள், காற்று எங்கே போகிறது. முதல் இரண்டுக்கும் மேப் இருக்கிறது. மூன்றாவதுக்கு நாம்தான் போய் நிற்கவேண்டும்.

நிற்பதற்கும் முறை வைத்திருந்தார். நிற்கப் போகிறவர் டீ, காபி குடித்திருக்கக் கூடாது. பவுடர் போடக் கூடாது. "பூ நக்கோ" என்று முதல் நாளே என் தலையைப் பார்த்துச் சொன்னார். மல்லிகைச் சரத்தைக் கழற்றி ஜீப் கண்ணாடியில் மாட்டினேன். மூக்கு சுத்தமாக இருக்கவேண்டுமாம். குறித்த இடத்தில் கண்ணை மூடி இருபது எண்ணும்வரை மூச்சு இழுத்து, நாற்றத்துக்கு மார்க் போடவேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் சைபர். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒன்று. நிச்சயம் இருக்கிறது என்றால் இரண்டு. கை தானாகக் கைக்குட்டையை எடுத்தால் மூன்று. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்தினால் நாலு. கால் தானாகத் திரும்பி நடந்தால் ஐந்து. இதெல்லாம் அவராக உண்டாக்கியது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

மூக்கு வேலை முடிந்தபிறகு புகை வேலை. பீடாக்கடையில் சிகரெட் பற்றவைக்கக் கொளுத்தித் தொங்கவிடுவார்களே, அந்தத் தேங்காய் நார்க்கயிறு. அதில் ஒரு துண்டைப் பற்றவைத்து உயர்த்திப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அதையும் பதிவேட்டில் எழுதவேண்டும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று நாலு வேளை, இருபத்தோரு நாள். இப்போது இதற்கெல்லாம் கம்பத்தில் ஒரு மெஷினை மாட்டிவிடுகிறார்கள். அது தூங்குவதில்லை, அதற்குப் பிள்ளைகளும் இல்லை.

பாறைக் காலனி என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். ஊருக்குக் கிழக்கே, நாச்சாரம் தாண்டி. மேலே ஒரு பாறைக் குன்று. அதன் அடியில் நிலையம் கட்ட எங்களுக்கு ஒதுக்கிய சரிவான நிலம். அதற்குக் கீழே காலனி. காலனிக்கும் கீழே ஏரி. ஒரு நாலா, அதாவது திறந்த சாக்கடைக் கால்வாய், குன்றுப் பக்கமிருந்து எங்கள் நிலத்தை ஒட்டி இறங்கி, காலனியின் முதல் வரிசை வீடுகளை உரசிக்கொண்டு ஏரியில் போய் விழும். ஏரி சோப்பு நுரையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது. பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் பூ அடுக்கை அந்தத் தண்ணீரில் விட முடியாமல், பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து அதில் விட்டார்கள். நிலையம் வந்தால் ஏரி பிழைக்கும்.

ஆனால் நிலையத்தில் நாறும் இடம் ஒன்று உண்டு. சாக்கடை முதலில் வந்து விழும் சல்லடைத் தொட்டி. துணி, பிளாஸ்டிக், இன்னும் சொல்லக் கூடாததெல்லாம் அங்கேதான் வடிகட்டப்படும். சாக்கடை தானாக இறங்கி வரும் இடம் நிலத்தின் மேற்கு மூலை. அது காலனியின் முதல் வரிசைக்கு நேர் மேலே. அங்கே தொட்டி வைக்கலாமா கூடாதா என்பதை என் பதிவேட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இங்கேதான் நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும்.

எங்கள் வீடு திருமுல்கேரியில். முதல் பஸ் ஆறேகாலுக்கு. இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர எட்டு மணி ஆகும். ஆறு மணிக்கு நான் அடுப்படியில் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பேன். முதல் நாள் ஆறு மணி வரியைக் காலியாகவே விட்டேன். அன்று மாலை தலைமை கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார். "காலியா இருந்தா ஃபைல் மேலே போகாதும்மா. எதையாவது எழுது." எட்டு மணிக்குப் பார்த்ததையே ஆறு மணி வரியில் எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் காற்று என்ன ஓடியா போகும் என்று நினைத்தேன். மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் நினைக்கக்கூட இல்லை. இருபத்தோரு நாளும் ஆறு மணிக் காற்று ஏரிப் பக்கமிருந்து குன்றைப் பார்த்து, காலனியைவிட்டு விலகித்தான் வீசியது, என் பேனாவில்.

காலனியில் எதிர்ப்பு பலமாக இருந்தது. "பீ ஃபேக்டரி காலனின்னு பேர் வந்துரும், யாரு பொண்ணு குடுப்பா?" என்று கேட்டார்கள். அவர்கள் பயத்தைப் போக்குவதற்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிலையத்துக்குக் கரீம் சார் எல்லாரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார். சுற்றுலா மாதிரி புளிசோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். இறங்கவே மாட்டேன் என்று ஒருவர் கடைசிவரை ஜன்னலோரம் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். நாற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை. மனம் இளகுகிற நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது.

"இன்னா டைமுக்கு இட்டுணு வந்துகீறாங்க பாரு. பதினோரு மணி. விருந்தாளி வர்ற நேரத்துல எந்த வீடும் சுத்தமாத்தான் இருக்கும்."

அதுதான் கன்னியம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்ய அவள் மாமனார் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அவள் ஒரு ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தாள். ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கேட்கவேண்டிய குரல் அது.

அடுத்த ஞாயிறு காலனிப் பந்தலில் கூட்டம். கரீம் சார் என் பதிவேட்டைப் பிரித்து, வேளை வேளையாகப் படித்தார். தெலுங்கில் ஒரு முறை, ஹிந்தியில் ஒரு முறை. நான் அவர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடை மாதிரி மடங்கி உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வரியைப் படித்ததும் கன்னியம்மா எழுந்தாள்.

"ஆறு மணிக்கு யாரு நின்னது? அஞ்சரைக்கு அந்த நாலா நாத்தம்தான் என்னை எழுப்புது. எழுந்து ஜன்னலைச் சாத்தி, இடுக்குல துணி சொருகுறவ நான். வெயில் வந்தாதான் போவும். ஆறு மணிக்கு அங்க ஒரு ஈ காக்காவை நான் பார்த்ததில்ல."

கரீம் சார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. திரும்பி என்னைக் கையால் காட்டினார்.

"எங்க ஸ்டெல்லாம்மா நின்னாங்க. அவங்க அதிகம் பேச மாட்டாங்க. ஆனா எழுதினா எழுதினதுதான்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் வார் நைந்து போயிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சர்டிபிகேட்டைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடியுமுன் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். "எதுக்கு?" என்றார். "காத்து பாக்கணும்" என்றேன். பைத்தியமா என்பதுபோலப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கே நின்றேன்.

முதல் வரிசையில் பதினாலு வீடுகள். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. இடுக்குகளில் பழைய புடவைத் துண்டுகள். இதை நான் எட்டு மணிக்கு ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் எல்லாரும் திறந்துவிடுவார்கள் போல. மேற்கு மூலையில் நின்று கண்ணை மூடி மூச்சு இழுத்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் மூச்சு தானாக நின்றுவிட்டது. நார்க்கயிற்றைப் பற்றவைத்துத் தூக்கினேன். புகை மேலே போகவில்லை. என் கையிலிருந்து வழிந்து, தரையோடு தரையாக, தண்ணீர் ஓடுவது போல நாலாவின் பள்ளத்தில் இறங்கிக் காலனியைப் பார்த்துப் போனது. ராத்திரி குளிர்ந்த பாறையிலிருந்து கனத்த காற்று சரிவில் இறங்குகிறது என்பதைப் பின்னால் கரீம் சார் விளக்கினார். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மூலையில் தொட்டி கட்டினால் இந்தப் பதினாலு வீடும் தினமும் விடியலில் அதைச் சுவாசிக்கும். அதற்குக் கையெழுத்துப் போட்டது நான்.

"இப்போதான் மணி ஆறு. பார்த்துக்கோ, எப்படி இருக்குன்னு."

பின்னால் கன்னியம்மா, கையில் குடத்தோடு.

"அந்த இருபத்தோரு நாளும் வந்தியா?"

"வரலக்கா" என்றேன்.

"ஒரு நாளாச்சும்?"

"இல்லக்கா. எட்டு மணிக்குத்தான் வந்தேன்."

கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். என் கையில் புகையும் கயிற்றைப் பார்த்தாள்.

"உன் சாருகிட்ட இதை நீ சொல்றியா, நான் சொல்லட்டா? நான் சொன்னா ஊருக்கே கேக்கும்."

"நானே சொல்றேன்."

"சொல்லு. புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க கரீம் சார் அறை வாசலில் மூன்று முறை போய் நின்றேன். மூன்று முறையும் தண்ணீர் குடிக்க வந்ததுபோலத் திரும்பினேன். நாலாவது முறை அவரே "என்ன, இன்னைக்கு இவ்வளவு தாகம்?" என்று கூப்பிட்டார். பதிவேட்டை அவர் மேஜையில் வைத்தேன். ஆறு மணி வரியில் விரலை வைத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தேன். ஐந்தாவது பக்கத்தில் "எட்டு மணிக்குத்தான் வந்தேன் சார்" என்று மட்டும் வாயில் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பிளேடால் சீவ ஆரம்பித்தார். மெதுவாக, சீவல் அறுந்து போகாமல். சீவி முடித்து நிமிர்ந்தார்.

"எட்டு மணிக்குப் பார்த்தது நிஜமா?"

"நிஜம் சார்."

"பத்து, ரெண்டு, அஞ்சு?"

"அதுவும் நிஜம் சார்."

"ஆறு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"வீட்டுல சப்பாத்தி போட்டுட்டிருந்தேன் சார்."

அவர் உதடு லேசாக நடுங்கியது. கோபமோ சிரிப்போ, எனக்கு இன்றுவரை தெரியாது. பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

"அடுத்தவர் தப்பை நான் அடிக்கிறதில்லை. எழுதினவங்களே அடிக்கணும். ஒவ்வொண்ணா."

நின்றபடியே அடித்தேன். இருபத்தோரு கோடு, இருபத்தோரு கையெழுத்து. பதினைந்தாவதில் பென்சில் முனை உடைந்தது. அவர் மறுபடி சீவிக் கொடுத்தார். முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். முதலில் என் தவறு. அதன் கீழே இன்னொரு வரி. ஆறு மணிக்கு ஆளை நிற்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு அவருக்குப் பஸ் உண்டா என்று கேட்காதது என் தவறு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"சார், என்னை வேலையைவிட்டு வேணும்னா தூக்கிடுங்க. பேச மட்டும் சொல்லாதீங்க."

"மேடை நக்கோ. மைக் நக்கோ. உட்கார்ந்தே சொல்லுங்க. ஆனா நீங்கதான் சொல்லணும். அவங்க ஜன்னல் அது."

ஞாயிற்றுக்கிழமை. அதே பந்தல், அதே பிளாஸ்டிக் நாற்காலி. வாயைத் திறந்தேன். எனக்கே கேட்காத ஒரு சத்தம் வந்தது. பின் வரிசையில் "என்னங்கறாங்க? என்னங்கறாங்க?" என்று முனகினார்கள். முன் வரிசையில் இருந்த கன்னியம்மா எழுந்து, என் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து என் வாய்க்குக் காதைக் கொடுத்தாள்.

"ஆறு மணிக்கு நான் வரலை" என்றேன்.

"ஆறு மணிக்கு இவங்க வரலையாம்!" என்று பஸ்ஸுக்கே கேட்கும் குரலில் அவள் பந்தலுக்குச் சொன்னாள். உடனே தெலுங்கிலும் சொன்னாள்.

"பொய்யா எழுதிட்டேன்."

"பொய் எழுதிட்டாங்களாம்!"

"அந்த நேரத்துல காத்து காலனிக்குத்தான் வருது. கன்னியம்மாக்கா சொன்னதுதான் சரி."

"கன்னியம்மா சொன்னதுதான் சரியாம்!" இதை மட்டும் மூன்று பாஷையிலும் இரண்டு முறை சொன்னாள். பந்தலே சிரித்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர். ஆனால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் காலனிச் சங்கத் தலைவர் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஒரு வரி பொய்னா எல்லா வரியும் பொய்தான். உங்க நோட்டையும் பிளான்ட்டையும் எடுத்துட்டு வேற ஊருக்குப் போங்க." நாலைந்து பேர் கை தட்டினார்கள். அந்த நிமிடம் எல்லாமே கையைவிட்டுப் போயிருக்கும். ஏரியும்தான்.

கரீம் சார் அதே பதிவேட்டில் எழுதாத பக்கத்தைத் திருப்பித் தலைவர் கையில் கொடுத்தார். "ஹவ், நீங்க சொல்றது சரி. எங்களை நம்பவேண்டாம். ஒரு ஆளைக் குடுங்க. மறுபடி இருபத்தோரு நாள். எங்க ஆள் ஒரு கையெழுத்து, உங்க ஆள் ஒரு கையெழுத்து. ரெண்டும் இல்லாத வரி செல்லாது. அதுல வர்றதை வெச்சு மூலையை முடிவு பண்ணுவோம்."

ஆறு மணிக்கு யார் எழுந்திருப்பார்கள் என்ற கேள்வி வந்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. "இன்னாத்துக்கு என்னைப் பார்க்கறீங்க?" என்று கன்னியம்மா கேட்டாள். ஆனால் கேட்கும்போதே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பகல் வேளைகளில் அவள் பஸ்ஸில் போய்விடுவதால் அவற்றைத் தலைவரே பார்ப்பதாகச் சொன்னார். நாலு நாளில் அலுத்துப்போய் அதற்கும் அவளையே கேட்டார். அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நடுநடுவே ஓடிவந்து போட்ட கையெழுத்துகள்தான் ஹரிணி பார்த்தவை.

அந்த இருபத்தோரு நாள்தான் என் வேலைக் காலத்தில் நான் மிகவும் சிரித்த நாட்கள். கரீம் சார் ஐந்து மணிக்கு வீட்டுக்கு ஜீப் அனுப்பினார். டிபன் பாக்ஸ் கட்டுவதை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் இருபத்தோரு நாளும் பிரெட் ஜாம் சாப்பிட்டன. கன்னியம்மாவோடு முதல் சண்டை டீக்கு.

"டீ குடிக்காம மூக்கு எப்படி வேலை செய்யும்?"

"அதுதாங்க்கா முறை."

"பூவும் கூடாதுங்கறே, டீயும் கூடாதுங்கறே. நான் இன்னா நாத்தம் பிடிக்கிறேனா, விரதம் பிடிக்கிறேனா?"

இரண்டாவது சண்டை மார்க்குக்கு. அவள் எடுத்த எடுப்பில் ஐந்து போடுவாள். "கால் தானாத் திரும்பணும்க்கா, நீங்க இங்கதானே நிக்கறீங்க?" என்பேன். "நான் ரோஷத்துல நிக்கறேன், கால் எப்பவோ போயிடுச்சு" என்பாள். பேரம் பேசி நாலில் வந்து முடியும். ஆனால் ஒரு நாள், குன்றுப் பக்கமிருந்து மழைக்காற்று பலமாக வீசி நாற்றத்தைக் கலைத்துவிட்ட நாளில், அவளே கண்ணைத் திறந்து, "இன்னைக்கு ஒண்ணுதான். ஒண்ணுன்னே எழுது" என்றாள். கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் அவளைப் பார்த்தேன். "எனக்குப் பொய் எழுத உன்னை மாதிரி டிரெயினிங் இல்ல" என்றாள். அதற்கப்புறம் அவள் போட்ட மார்க்கோடு நான் பேரம் பேசவில்லை.

அந்த நாட்களில் நிலத்தின் கிழக்கு மூலையிலும் நின்று பார்த்தோம். அந்த மூலைக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு பாறை முதுகு எழும்பி நிற்கிறது. புகை அதைத் தாண்ட முடியாமல், வீடே இல்லாத பள்ளத்தில் இறங்கி நேரே ஏரிக்குப் போனது. தொட்டியை அங்கே கொண்டுபோகலாம். ஆனால் குழாயைப் பாறை உடைத்து நீட்டவேண்டும். வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். மேலிடத்துப் பெரிய இன்ஜினியர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக மூலையை மாற்றுவார்களா என்று கேட்டாராம்.

கரீம் சார் வாதாடவில்லை. "ஒரு தடவை வந்து இடத்தைப் பாருங்க சார், பிறகு நீங்க சொல்றபடி" என்று மட்டும் சொன்னார். காலை ஆறு மணிக்கு அழைத்து வந்தார். பெரிய இன்ஜினியர் நல்ல உயரம், கோட்டு, பளபளக்கும் ஷூ. மேற்கு மூலையில் நின்று, குழாய் நீளத்தைப் பற்றி இங்கிலீஷில் ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் கை பாக்கெட்டுக்குப் போய்க் கைக்குட்டை வெளியே வந்தது.

கரீம் சார் என் பக்கம் திரும்பி, ரொம்பப் பணிவாக, "எழுதிக்கோங்க ஸ்டெல்லாம்மா. மூணு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய இன்ஜினியரின் பேச்சும் நின்றது. "நாலு" என்றாள் கன்னியம்மா, யாரும் கேட்காமலே. அவர் காருக்குத் திரும்பி நடந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும்.

மூலை மாறியது. தொட்டிக்கு மூடி போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, தேங்காய் நார் நிரப்பிய பெரிய தொட்டி வழியாக விடும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். நாலா மண்ணுக்கடியில் குழாயாகிவிட்டது. எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம் என்று கடிதம் வந்தது. வாங்கி மடித்து பைபிளுக்குள் வைத்தேன். சரியான கடிதம்தான் அது. கரீம் சார் ஓய்வு பெற்று கச்சிபௌலியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது பாதி தேய்ந்த சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்தார். பிறகு எனக்கும் முழங்கால் மக்கர் செய்ய, காலத்துக்கு முன்பே நானாக ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இதுதான் ஹரிணி, அந்த இரண்டாவது கையெழுத்து. காலியாக விடக் கூடாது, எதையாவது எழுது என்று ஒருவர் சொன்னதில்தான் எனக்கு இத்தனையும் வந்தது. அதனால் உன் கம்ப்யூட்டருக்காக நானாக ஒரு பதவியைச் சொல்லப் பயமாக இருந்தது. கன்னியம்மாவையே கேட்டுவிடலாம் என்று போன வாரம் கிளம்பினேன். இன்னும் ஆயா வேலைக்குப் போகிறாள். அஞ்சரைக்கே எழுந்துவிடுபவள், ஆறு மணிக்குப் போனால் நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தேன். என் மகள் முனகிக்கொண்டே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள்.

முதல் வரிசையில் இறங்கியதும் பழக்கத்தில் கண்ணை மூடி மூச்சு இழுத்தேன். இருபது வரை எண்ண முடிந்தது. மழை நாட்களில் சில சமயம் ஒன்று, எப்போதாவது இரண்டு வரும், வந்தால் உங்கள் ஆபீசுக்குத்தான் போன் செய்வார்கள். அன்று சைபர். கண்ணைத் திறந்தேன். பதினாலு வீட்டிலும் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒரு ஜன்னலில் திரைத்துணி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை.

கன்னியம்மாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். என் குரலுக்கு யார் எழுந்திருப்பார்கள்? ஐந்தாவது முறைக்குத்தான் கலைந்த தலை எட்டிப் பார்த்தது.

"இன்னா மணி இப்போ?"

"ஆறுக்கா."

"ஏய், மனுஷங்க தூங்குற நேரத்துல இன்னாத்துக்கு வந்தே? வரவேண்டிய நாள்ல எட்டு மணிக்கு வந்தே, இப்போ ஆறு மணிக்கு வர்றியா?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல உங்க பேரை ஏத்தணுமாம்க்கா. பேருக்குப் பக்கத்துல என்ன வேலைன்னு போடணுமாம். என்ன போடச் சொல்லட்டும்?"

ஒரு கொட்டாவி வந்தது. சைகையால் என்னைப் போகச் சொன்னாள்.

"தூங்குறதுன்னு போடு."

தலை உள்ளே போனது. ஜன்னலைச் சாத்தவில்லை.